கோப்புறைக்கு விரைந்து செல்லும் வழிகள்: எதை யார் தேர்ந்தெடுக்கலாம்?

கணினியில் ஒரு கோப்பைத் திறக்கவோ சேமிக்கவோ முனையும்போது தோன்றும் உரையாடல் பெட்டி, நாம் விரும்பும் கோப்புறையைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அந்தச் செயலி கடைசியாக எங்கே சென்றதோ அந்த இடத்தையோ, ஆவணங்கள் என்பது போன்ற பொதுவான ஓர் இடத்தையோதான் அது காட்டுகிறது. அங்கிருந்து மேலேறி, வேறொரு கிளைக்கு மாறி, மீண்டும் ஐந்தாறு நிலைகள் கீழிறங்கி உரிய கோப்புறையைச் சேர்வதற்குள், கோப்புக்கு என்ன பெயர் வைக்க நினைத்தோம் என்பதே மனத்தை விட்டு நழுவிவிடுகிறது. நேரம் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும். சலிப்பின் காரணமாகக் கண்ணில் பட்ட இடத்திலேயே கோப்பைச் சேமித்துவிடுவதுதான் உண்மையான இழப்பு. அப்படித் தவறான இடத்தில் விழுந்த கோப்பைப் பின்னர் தேடுவதற்கும், ஒரே ஆவணத்தின் இரண்டு படிகளில் எது புதியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் செலவாகும் நேரம், சேமிக்கும்போது மிச்சப்படுத்திய சில நொடிகளைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்தச் சிக்கலுக்கு வழிகள் பல உள்ளன. பக்கப்பட்டியில் கோப்புறையைப் பொருத்தி வைக்கலாம். பாதையை எழுதலாம் அல்லது ஒட்டலாம். நீண்ட பாதைக்குக் குறுகிய மாற்றுப்பெயர் உருவாக்கலாம். இதற்கென்றே எழுதப்பட்ட துணைச் செயலியை நிறுவலாம். உரையாடல் பெட்டியையே தவிர்த்தும் விடலாம். இவற்றுள் எது வேகமானது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நாள்தோறும் செல்லும் கோப்புறைகள் சிலவாகவும் நிலையானவையாகவும் இருக்கின்றனவா, அல்லது வாரத்துக்கு வாரம் மாறுகின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். செல்ல வேண்டிய கோப்புறை, உரையாடல் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் ஏற்கெனவே வேறொரு சாளரத்தில் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேர்வு பெரும்பாலும் இவ்விரண்டிலேயே முடிந்துவிடும்.

பக்கப்பட்டியில் பொருத்தி வைத்தல்

விண்டோஸில் விரைவு அணுகல் என்றும், மேக்கில் விருப்பங்கள் என்றும், லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தில் புத்தகக்குறிகள் என்றும், கேடிஈ மேசைத்தளத்தில் இடங்கள் என்றும் அழைக்கப்படுபவை அடிப்படையில் ஒன்றே. கோப்பு மேலாளரில் ஒருமுறை பொருத்தி வைத்த கோப்புறை, அதன்பின் பெரும்பாலான செயலிகளின் உரையாடல் பெட்டிகளிலும் இடப்புறத்தில் தோன்றுகிறது. எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எதையும் நிறுவவும் தேவையில்லை. ஒரே சொடுக்கில் வேலை முடிகிறது. செல்லும் கோப்புறைகள் ஏழெட்டுக்கு மிகாமல் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதே என் முடிவு.

எண்ணிக்கை கூடும்போதுதான் இந்த வழி தளர்கிறது. பதினைந்து, இருபது பெயர்கள் சேர்ந்த பிறகு அந்தப் பட்டியலைக் கண்ணால் துழாவுவதே தனி வேலையாகிவிடும். விண்டோஸில் இன்னும் ஒரு குறை உண்டு. விரைவு அணுகலில் ஒரு கோப்புறை அதன் சொந்தப் பெயரிலேயே தோன்றும். அங்கு மட்டும் அதற்கு வேறு பெயர் சூட்ட இயலாது. மூன்று வெவ்வேறு பணிகளுக்குள் வரைவுகள் என்ற பெயரில் ஒவ்வொரு கோப்புறை இருந்து, மூன்றையும் பொருத்தி வைத்தால், பக்கப்பட்டியில் ஒரே பெயர் மூன்று முறை வரிசையாக நிற்கும். எது எந்தப் பணிக்கு உரியது என்று உள்ளே சென்று பார்த்தால்தான் தெரியும். விண்டோஸ் 7-இல் இருந்த விருப்பங்கள் பகுதி உண்மையில் குறுக்குவழிகளின் (ஷார்ட்கட்) தொகுப்பாக இருந்ததால், அதில் பெயரை மாற்ற முடிந்தது. அந்த வசதி பின்னர் வந்த பதிப்புகளில் இல்லாமல் போனது வருந்தத்தக்கது.

இதற்கு ஒரு நல்ல மாற்று உள்ளது. பலரும் இதைப் பயன்படுத்தாதது எனக்கு வியப்பளிக்கிறது. குறுக்குவழிகளுக்கென்று தனியே ஒரு கோப்புறையை உருவாக்கி, அடிக்கடி செல்லும் கோப்புறைகள் ஒவ்வொன்றுக்கும் அதனுள் ஒரு குறுக்குவழியை வைத்து, அவற்றுக்குத் தெளிவான பெயர்களைச் சூட்டி, அந்தத் தொகுப்புக் கோப்புறையை மட்டும் விரைவு அணுகலின் உச்சியில் பொருத்திவிட வேண்டும். விண்டோஸின் உரையாடல் பெட்டி, கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழியைச் சொடுக்கினால் அந்தக் கோப்புறைக்கே அழைத்துச் செல்லும். ஆகவே ஒரு சொடுக்குக்குப் பதிலாக இரண்டு படிகள் ஆகும் என்றாலும், நாற்பது கோப்புறைகள் இருந்தாலும் குழப்பம் வராது. பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் தெரிவு அந்தப் பெயருக்குத் தாவும். பழைய பணி முடிந்ததும் அதன் குறுக்குவழியை நீக்கினால் போதும். பணிகள் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பக்கப்பட்டியை நிரப்புவதைவிட இதுவே மேலான ஏற்பாடு.

விரைவு அணுகலில் அடிக்கடி பயன்படுத்தும் கோப்புறைகளை விண்டோஸ் தானாகவே சேர்த்துக் காட்டும் வசதியும் உண்டு. அதை நிறுத்திவிடுவதே நல்லது. பட்டியலின் வரிசை தானே மாறிக்கொண்டிருந்தால், கை ஒரு பெயரின் இடத்துக்குப் பழகவே பழகாது. நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாக இருக்கும். கோப்புறை விருப்பங்களில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று இதை அணைத்துவிடலாம்.

பாதையை எழுதுதல், ஒட்டுதல்

சுட்டியை விட்டுக் கையை எடுக்காதவர்கள் பெரும்பாலும் இந்த வழியை அறிவதில்லை. அறிந்தவர்களோ வேறு வழிக்குத் திரும்புவதில்லை. விண்டோஸின் உரையாடல் பெட்டியில் கோப்புப் பெயரை எழுதும் இடம், பெயரை மட்டுமன்றி முழுப் பாதையையும் ஏற்றுக்கொள்ளும். டிரைவின் எழுத்தில் தொடங்கிப் பாதையை எழுத எழுத, பொருந்தும் கோப்புறைகளின் பெயர்கள் கீழே விரியும். அம்புக்குறி விசையால் தேர்ந்துகொண்டே இறங்கலாம். இரண்டு புள்ளிகளை (..) இட்டு எண்டர் விசையை அழுத்தினால் ஒரு நிலை மேலே செல்லும். பின்சாய்கோடு (\) ஒன்றை மட்டும் இட்டு எண்டர் அழுத்தினால், அந்த டிரைவின் தொடக்கத்துக்கே சென்றுவிடும்.

சேமிக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெயர்ப் பெட்டியில் செயலி ஏற்கெனவே ஒரு பெயரை இட்டு வைத்திருக்கும். அதன் மீதே பாதையை ஒட்டினால் அந்தப் பெயர் அழிந்துவிடும். எனவே ஹோம் விசையை அழுத்திப் பெயரின் முன்னே சென்று, பாதையையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்துவிட்டு எண்டர் அழுத்துவது ஒரு முறை. ஆல்ட் விசையுடன் டி விசையை அழுத்தி மேலே உள்ள முகவரிப் பட்டைக்குச் சென்று, அங்கே பாதையை ஒட்டுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் கோப்பின் பெயருக்கு எந்த ஊறும் நேராது என்பதாலும், சேமிப்பதற்கு முன்பு அந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள முடிவதாலும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

பாதையை எங்கிருந்து பெறுவது என்பதுதான் இந்த வழியின் உயிர். செல்ல வேண்டிய கோப்புறை, விண்டோஸின் கோப்பு மேலாளரான ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் திறந்திருந்தால், அதன் முகவரிப் பட்டையிலிருந்து பாதையை நகலெடுத்து உரையாடல் பெட்டியில் ஒட்டினால் போதும். ஒரு கோப்பின் மீது வலச்சொடுக்குச் செய்து, பாதையாக நகலெடுக்கும் கட்டளையையும் பயன்படுத்தலாம். விண்டோஸ் 11-இல் அது பட்டியலில் நேரடியாகத் தெரியும். விண்டோஸ் 10-இல் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலச்சொடுக்குச் செய்தால்தான் தெரியும். அவ்வாறு நகலெடுத்த பாதை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வரும் என்பதையும், அதனுடன் கோப்பின் பெயரைச் சேர்த்து எழுதுவதானால் அந்தக் குறிகளை நீக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மேக் பயன்படுத்துவோருக்கு இந்த வழி இன்னும் எளிது. உரையாடல் பெட்டி திறந்திருக்கும்போது கமாண்ட், ஷிஃப்ட், ஜி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால், செல்ல வேண்டிய கோப்புறையைக் கேட்கும் சிறு பெட்டி தோன்றும். மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் ஒரு கோப்புறையைத் தெரிவு செய்து ஆப்ஷன், கமாண்ட், சி விசைகளை அழுத்தினால் அதன் பாதை நகலாகும். இவையெல்லாவற்றையும்விட மேன்மையான ஒன்று மேக்கில் இருக்கிறது. ஃபைண்டரிலிருந்து ஒரு கோப்புறையை இழுத்து, திறந்திருக்கும் உரையாடல் பெட்டியின் மீது விட்டால், பெட்டி அந்தக் கோப்புறைக்கே தாவிவிடும். செல்ல வேண்டிய இடம் ஏற்கெனவே திரையில் இருக்கும்போது, அதை ஏன் மீண்டும் தேட வேண்டும் என்ற கேள்விக்கு இயங்குதளமே தந்திருக்கும் நேரான விடை இது. விண்டோஸ் பயன்படுத்துவோர் இதே வசதிக்காகத் துணைச் செயலியை நாட வேண்டியிருக்கிறது.

லினக்ஸில், சாளரங்களை வரைய உதவும் ஜிடிகே நூலகத்தைப் பயன்படுத்தும் செயலிகளின் பெட்டியில், சாய்கோட்டையோ (/) அலைக்குறியையோ (~) தட்டியவுடன் பாதை எழுதும் இடம் திறந்துகொள்ளும். கண்ட்ரோல் விசையுடன் எல் விசையை அழுத்தினாலும் அது திறக்கும். இந்தக் குறிகளில் தொடங்காமல் வெறும் எழுத்துகளைத் தட்டினால், அண்மைப் பதிப்புகளில் தேடல் தொடங்கிவிடும் என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் பலம், எதையும் நிறுவாமல் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் செய்ய முடிவது. அலுவலகக் கணினியில் புதிய செயலிகளை நிறுவ உரிமை இல்லாதவர்களுக்கும், நாள்தோறும் வெவ்வேறு கணினிகளில் வேலை செய்பவர்களுக்கும் இதுவே உறுதியான துணை. பலவீனமும் உண்டு. பாதை கையில் இல்லாமல், அதை நினைவிலிருந்து எழுதுவதானால் கோப்புறைகளின் பெயர்கள் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் ஒரு வாக்கியம்போல நீண்டிருக்கும் அமைப்பில் எழுதிச் செல்வது சுட்டியால் சொடுக்கிச் செல்வதைவிட மெதுவானது.

நீண்ட பாதைக்குக் குறுகிய வாசல்

பாதை நீண்டுவிட்டவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உள்ளது. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தின் மூலம் ஜங்ஷன் என்ற இணைப்பை உருவாக்கலாம். டிரைவின் தொடக்கத்திலேயே இரண்டெழுத்துப் பெயரில் அமையும் அந்த இணைப்பு, ஏழு நிலைகள் கீழே இருக்கும் உண்மையான கோப்புறையைத் திறந்துவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் குறியீட்டு இணைப்பு இதே பணியைச் செய்கிறது. குறுக்குவழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. குறுக்குவழி என்பது ஒரு சிறு கோப்பு; அதைப் புரிந்துகொள்ளும் செயலிகள் மட்டுமே அதைப் பின்தொடரும். இணைப்போ, எல்லாச் செயலிகளுக்கும் உண்மையான கோப்புறையாகவே தெரியும்.

இதன் பயன் ஓரிடத்தில் தனியாகத் தெரியும். பழைய செயலிகள் சில, கோப்புறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது முகவரிப் பட்டையும் பெயர்ப் பெட்டியும் இல்லாத ஒரு சிறிய மரவடிவச் சாளரத்தை மட்டும் காட்டும். அங்கே பாதையை ஒட்ட இடமில்லை. ஒவ்வொரு கிளையாக விரித்துத்தான் இறங்க வேண்டும். டிரைவின் தொடக்கத்தில் ஓர் இணைப்பு இருந்தால், அந்தச் சாளரத்திலும் இரண்டு விரிப்புகளில் உரிய இடத்தை அடைந்துவிடலாம்.

ஆயினும் இதை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்புப்படி எடுக்கும் செயலி இணைப்பைப் பின்தொடர்ந்தால், ஒரே தரவு இருமுறை நகலாகக்கூடும். இணைப்பு எது, உண்மையான கோப்புறை எது என்று அறியாத ஒருவர், தேவையற்ற படி என்று எண்ணி உள்ளிருக்கும் கோப்புகளை அழித்துவிட்டால், அழிவது உண்மையான கோப்புகளே. கணினியை ஒருவர் மட்டுமே பயன்படுத்துவதாகவும், அவர் தாம் உருவாக்கியது எது என்று நன்கு அறிந்தவராகவும் இருக்கும்போது மட்டுமே இந்த வழி பாதுகாப்பானது. ஒரு கோப்புறைக்கு டிரைவின் எழுத்தையே சூட்டும் பழைய கட்டளை ஒன்றும் விண்டோஸில் உண்டு; ஆனால் அது கணினியை மீண்டும் தொடங்கியதும் மறைந்துவிடும் என்பதால் தற்காலிகத் தேவைக்கு மட்டுமே உதவும்.

பாதை நீள்வதையே குறைக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஒரு பாதைக்கு 260 எழுத்துகள் என்ற எல்லை நெடுங்காலமாக இருந்து வருகிறது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து அதைத் தளர்த்தும் அமைப்பு வந்தாலும், செயலியும் அதற்கு இசைய வேண்டும். அந்த எல்லையை நெருங்கும் அளவுக்குக் கோப்புறைகள் அடுக்கடுக்காக இருந்தால், விரைவாகச் செல்லும் வழியைத் தேடுவதற்கு முன் இரண்டு மூன்று அடுக்குகளைக் குறைப்பதே முதல் வேலை.

பெட்டியைத் தவிர்த்தல்

கோப்பைத் திறப்பதற்கு உரையாடல் பெட்டி தேவையே இல்லாத நேரங்கள் பல. கோப்பு மேலாளரில் கோப்பு கண்ணெதிரே இருக்குமானால், அதை இழுத்துச் செயலியின் சாளரத்தில் விட்டுவிடலாம். உலாவியில் கோப்பைப் பதிவேற்றும் இடங்களில் பெரும்பாலானவையும் இதை ஏற்கும். விண்டோஸின் பணிப்பட்டையில் செயலியின் சின்னத்தை வலச்சொடுக்குச் செய்தால் அண்மையில் திறந்த கோப்புகள் தோன்றும். வேண்டியதை அங்கேயே பொருத்தியும் வைக்கலாம்.

சேமிப்பதில் இந்த உத்தி அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. உரிய கோப்புறைக்குள் வெற்று ஆவணம் ஒன்றை முதலிலேயே உருவாக்கி, அதைத் திறந்து எழுதத் தொடங்கினால், பிறகு சேமிக்கும் கட்டளை இடத்தைக் கேட்காது. எழுதத் தொடங்கும் முன்பே கோப்பு எந்தப் பணியைச் சேர்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது நல்ல பழக்கம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அதில் சேமிக்கும் கட்டளை, வழக்கமான உரையாடல் பெட்டிக்கு முன்பாக வேறொரு முழுத்திரைப் பக்கத்தைக் காட்டுகிறது. எஃப்12 விசையை அழுத்தினால் அந்தப் பக்கத்தைத் தாண்டி நேராகப் பெட்டிக்கே செல்லலாம். மேலே சொன்ன வழிகள் அனைத்தும் அங்கே உடனே பயன்படும்.

துணைச் செயலிகள் தேவையா?

விண்டோஸுக்கு லிஸ்ட்டரி, குவிக் ஆக்சஸ் பாப்அப் ஆகியவையும், மேக்குக்கு டிஃபால்ட் ஃபோல்டர் எக்ஸ் என்பதும் இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதிலேயே கவனம் செலுத்துபவை அல்லது அதை முக்கியப் பணியாகக் கொண்டவை. லிஸ்ட்டரியில் உரையாடல் பெட்டி திறந்திருக்கும்போது கண்ட்ரோல் விசையுடன் ஜி விசையை அழுத்தினால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அப்போது திறந்திருக்கும் கோப்புறைக்குப் பெட்டி தாவிவிடும். டிஃபால்ட் ஃபோல்டர் எக்ஸ் நிறுவப்பட்ட மேக்கில், பெட்டிக்குப் பின்னால் தெரியும் ஃபைண்டர் சாளரத்தைச் சொடுக்கினாலே போதும். குவிக் ஆக்சஸ் பாப்அப், சுட்டியின் நடுப் பொத்தானை அழுத்தியவுடன் நாமே அமைத்த கோப்புறைப் பட்டியலைக் காட்டுகிறது; பட்டியலில் துணைப் பட்டியல்கள் வைக்கலாம், பெயர்களை விருப்பம்போல் சூட்டலாம். பக்கப்பட்டியில் இல்லாத இரண்டும் இங்கே கிடைத்துவிடுகின்றன.

எவ்ரிதிங் என்ற தேடல் செயலியை இவற்றோடு ஒப்பிடுவது முற்றிலும் பொருந்தாது என்றாலும், கோப்புறையின் பெயர் நினைவிருந்து இடம் மறந்துபோனவர்களுக்கு அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைந்த டிரைவின் முதன்மைக் கோப்பு அட்டவணையை அது நேரடியாகப் படிப்பதால், இலட்சக்கணக்கான கோப்புகளுக்கு நடுவிலும் பெயரைத் தட்டத் தட்ட விடை வந்துவிடுகிறது. கிடைத்த பாதையை நகலெடுத்து உரையாடல் பெட்டியில் ஒட்டிவிடலாம்.

இவற்றை நிறுவும் முடிவு, வேலையின் தன்மையைப் பொறுத்தது. படங்களைத் திருத்துபவர், பல பேருக்கான கணக்குகளைப் பார்ப்பவர், மொழிபெயர்ப்பவர் போன்றோர் ஒரே நாளில் பல பணிகளின் கோப்புறைகளுக்குள் மாறி மாறிச் செல்பவர்கள். அவர்கள் செல்லும் இடமும் பெரும்பாலும் ஏற்கெனவே திறந்திருக்கும். அவர்களுக்குத் திறந்திருக்கும் சாளரத்துக்குத் தாவும் வசதி ஒன்றே போதும், அந்தச் செயலியின் இடம் உறுதியாகிவிடும். ஒரு நாளைக்கு நான்கைந்து கோப்புகளை, அதுவும் அதே இரண்டு மூன்று கோப்புறைகளில் சேமிப்பவர் இவற்றை நிறுவிப் பழகுவது வீண் உழைப்பு. பொருத்தி வைத்த பக்கப்பட்டியே அவருக்குப் போதுமானது.

நிறுவுமுன் கவனிக்க வேண்டியவை இரண்டு. இத்தகைய செயலி, பிற செயலிகளின் சாளரங்களைக் கவனித்து அவற்றுக்குள் எழுத வேண்டியிருப்பதால், மேக்கில் அணுகல்தன்மை அனுமதியைக் கேட்கும். அது பெரிய அனுமதி. நம்பத்தக்க இடத்திலிருந்து பெற்ற செயலிக்கு மட்டுமே தர வேண்டும். இரண்டாவதாக, தனக்கென்று சொந்த வடிவில் உரையாடல் பெட்டியை வரைந்துகொள்ளும் செயலிகளில் இவை வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த செயலியின் பெட்டியையும், சாதாரண உரிமையில் இயங்கும் துணைச் செயலியால் தொட முடியாது. விஸ்டா காலம் முதல் இயங்குதளமே அதைத் தடுக்கிறது. அதற்காகத் துணைச் செயலியையும் நிர்வாகி உரிமையில் இயக்கச் சொல்லும் அறிவுரைகள் உண்டு; நான் அதைச் செய்ய மாட்டேன். அத்தகைய பெட்டி நாளில் ஒருமுறை வந்தால் பெரிது. முகவரிப் பட்டைக்குச் சென்று பாதையை ஒட்டினால் அங்கே வேலை முடிந்துவிடும்.